நல்ல காய்ச்சல்

2008ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, திங்கட்கிழமை காலை, கோவில்பட்டி தொழிற்பேட்டையில் இருந்த பூவனம் மோல்டிங்ஸ் என்ற பட்டறைக்குச் சென்னையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கொள்முதல் பிரிவைச் சேர்ந்தவர்.

அவர் பேசியதில் பாதிதான் பட்டறை முதலாளி லிங்கராஜின் காதில் விழுந்தது. பட்டறையில் நான்கு மோல்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் குருணையை உருக்கி அச்சில் அடித்து, காருக்குள் பேட்டரி உட்காரும் தட்டைச் செய்கிற மெஷின்கள். அவை போடும் சத்தமாவது விட்டுவிட்டு வரும். ஒவ்வொன்றின் தலையிலும் பீப்பாய் அளவுக்கு ஓர் உலர்த்தி இருந்தது. குருணைக்குள் சூடான காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் அந்த உலர்த்திகளின் இரைச்சல் காலையில் தொடங்கினால் இரவு ஷிப்டு முடிகிறவரை ஓயாது. லிங்கராஜ் போனை ஒரு காதில் அழுத்தி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு, “ஆமா சார், சரி சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவை இவ்வளவுதான்: கார்பனைக் குறைக்கணும். ஒவ்வொரு பீஸுக்கும். பதினஞ்சு சதமாவது. இல்லாவிட்டால் புது மாடல் ஆர்டர் ஓசூருக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை ஹரி என்றொருவர் நேரில் வருவார்.

போனை வைத்தபோது லிங்கராஜுக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்திருந்தது.

“ஜெயஷீலா!” என்று கத்தினார். “கார்பனைக் கொறைக்கணுமாம்!”

ஜெயஷீலா பட்டறையின் தரப் பொறுப்பாளர். குளத்தூர்ப் பெண். தூத்துக்குடி பாலிடெக்னிக்கில் படித்தவள். தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

“எந்தக் கார்பனை அண்ணாச்சி?”

“நம்மகிட்ட எத்தன கார்பன் இருக்கு?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெள்ளைக் குருணையில் கறுப்பு நிறம் ஏற்றுவதற்குக் கலக்கும் கரிக் குருணைக்கு அந்தப் பட்டறையில் கார்பன் என்றுதான் பெயர். “கார்பன் மூட்டை வந்துட்டா”, “கார்பன் ஒரு கை கூடிப்போச்சு” என்று நாள் முழுக்கப் பேச்சில் அடிபடுகிற சொல் அது.

“அது எதுக்காம்?”

“அவிய காரு, அவிய இஷ்டம். கறுப்பு அலுத்துப் போயிருக்கும்.”

“ஒரு தடவ திருப்பிப் போன் பண்ணிக் கேட்டுருவோமா?”

“கேட்டா இவனுக்கு ஒண்ணும் விளங்கலன்னு நெனைப்பாவ. பதினஞ்சு சதம் கேக்குதாவ. நாம முக்கால்வாசியக் கொறைச்சுக் காட்டுவோம். ஓசூர்க்காரன் வாயடைச்சுப் போகணும்.”

லிங்கராஜுக்கு அந்த ஆர்டர் வேண்டியிருந்தது. பழைய கார் மாடல் செப்டம்பரோடு நின்றுவிடும். புது மாடலின் தட்டு கையை விட்டுப் போனால் நான்கு மெஷின்களுக்கும் வேறு வேலை கிடையாது. அதில் பாடுபடுகிற முப்பது பேருக்கும் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்பு குடும்பத்தின் தீப்பெட்டித் தொழிற்சாலையில், ஊர்ப் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸில், தன் பங்கைப் பிரித்துக்கொண்டு வந்து இந்தப் பட்டறையைப் போட்டவர் அவர். அன்று அண்ணன் செண்பகராஜ், “போயிட்டு வா. வாளி செஞ்சு அலுத்ததும் இங்கனதானே வரப்போற?” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். தம்பி வாளி செய்யவில்லை, கார் பாகம் செய்கிறான் என்று அண்ணன் ஒத்துக்கொள்ளவே மூன்று வருடம் ஆயிற்று.

அன்று மத்தியானம் முதல் தட்டு விழுந்தது. நிறம் சாம்பலாக இருந்தது. அந்தச் சாம்பலும் சீராக இல்லை. ஓரிடத்தில் வெளுத்தும் ஓரிடத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்தும் சுழித்திருந்தது. மூன்றாம் மெஷினில் நிற்கும் வேலுத்தாய் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அண்ணாச்சி, எருமமாடு குளிச்சும் குளிக்காமலும் கரையேறுன மாதிரி இருக்கு!”

“வாயப் பாத்துகிட்டு நிக்காம அடுக்கு தாயி!”

வெள்ளிக்கிழமை காலை ஹரி வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். மேல்காற்றில் தலைமுடியெல்லாம் கரிசல் தூசி படிந்திருந்தது. லிங்கராஜ் அவருக்கு இளநீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மேசைமேல் வெள்ளைத் துண்டு போட்டு மூடியிருந்ததை ஒரு திறப்பு விழாவுக்குரிய நிதானத்துடன் விலக்கினார். வரிசையாகச் சாம்பல் நிறத் தட்டுகள்.

ஹரி ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “இது என்ன சார்?”

“கார்பனக் கொறைச்சிட்டோம். நீங்க கேட்டது பதினஞ்சு. நாங்க செஞ்சிருக்கது எழுபத்தஞ்சு.”

ஹரி தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அவருடைய தோள் குலுங்கியது. அதைப் பார்த்த ஜெயஷீலா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் எதற்காகச் சிரிப்பை அடக்குகிறார்கள் என்று லிங்கராஜுக்கு விளங்கவில்லை. ஆனால் அடக்குகிறார்கள் என்பது விளங்கியது. அவருடைய காது மடல் சிவந்தது.

ஹரி நல்ல மனிதர். கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, உலர்த்திகளின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி விளக்கினார். அவர்கள் சொன்ன கார்பன், நிறத்துக்குப் போடும் கரி இல்லை. காற்றில் கலக்கிற கரியமில வாயு. அது கூடக்கூட பூமி சூடாகிறது. தங்கள் காரின் ஒவ்வொரு பாகமும் உருவாகும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று வெளிநாட்டிலிருக்கும் கார் கம்பெனி கணக்குக் கேட்கிறது. பாகம் செய்து கொடுப்பவர்கள் அதைக் குறைத்தாக வேண்டும்.

“எங்க பட்டறையில பொகையே கிடையாதே சார். ஒரு அடுப்புகூட எரியல. எங்க அண்ணன் தீப்பெட்டி ஆபீஸுன்னாக்கூட ஒரு பேச்சு.”

“புகை இங்க இல்ல சார். தூத்துக்குடில இருக்கு. அங்க நிலக்கரியை எரிச்சுத்தான் உங்களுக்குக் கரண்ட் வருது. நீங்க ஒரு யூனிட் செலவு பண்ணினா அங்க கிட்டத்தட்ட ஒரு கிலோ வாயு வெளியே போகுது.”

லிங்கராஜ் நான்கு மெஷின்களையும் திரும்பிப் பார்த்தார். தான் இங்கே சுவிட்சைப் போட்டால் கடற்கரையில் ஒரு குழாயில் புகை கூடும் என்பது அவருக்குப் புதிய செய்தி. பிறகு மேசையிலிருந்த தட்டைக் காட்டி, “அப்ப இத என்னன்னு சொல்லுதது?” என்று கேட்டார்.

“சிமெண்டுச் சட்டின்னு சொல்லலாம் அண்ணாச்சி” என்றாள் ஜெயஷீலா.

முதலில் சிரித்தவர் லிங்கராஜ்தான். அதன் பிறகு மற்ற இருவரும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சிரித்துத் தீர்த்தார்கள்.

ஆனால் ஹரியின் கையில் நேரமில்லை. எவ்வளவு குறைக்க முடியும் என்று அன்று மாலைக்குள் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஓசூர்க்காரர்கள் பன்னிரண்டு சதம் காட்டிவிட்டார்கள். கம்பியைக் கவ்விப் பிடித்தால் ஓடுகிற மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றை ஜெயஷீலா எடுத்து வந்தாள். மூன்று பேரும் பட்டறையைச் சுற்ற ஆரம்பித்தார்கள். காற்றழுத்த மெஷினின் குழாயில் ஒரு கசிவு கிடைத்தது. உருக்கும் குழல்களுக்குச் சூடு வெளியேறாதபடி உறை போட்டால் கொஞ்சம் மிஞ்சும் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து சதம் தேறவில்லை.

லிங்கராஜின் நடை மெதுவாகியது. “கயத்தாறுப் பக்கம் கரண்டு எடுக்குத காத்தாடி ஒண்ணு வாங்கிப் போட்டா ஒத்துக்கிடுவாவளா?” என்று கேட்டார். அது நல்ல யோசனைதான், ஆனால் மாலைக்குள் முடியாது என்றார் ஹரி.

பேசிக்கொண்டே மூன்றாம் மெஷினைத் தாண்டும்போது, லிங்கராஜின் கால் எப்போதும்போல நின்றது. மெஷினின் ஏணிப்படியில் நின்றவளை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்:

“வேலுத்தாயி! காய்ச்சல் எப்படி இருக்கு?”

உலர்த்தியின் மூடியைத் திறந்து கைவிட்டுப் பார்த்துவிட்டு அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். “நல்ல காய்ச்சல் அண்ணாச்சி!”

ஹரி திடுக்கிட்டார். நாலு எட்டு வைத்ததும் லிங்கராஜின் கையைத் தொட்டு நிறுத்தினார். “சார், தப்பா நினைக்காதீங்க. உடம்பு முடியாதவங்களை எதுக்கு மெஷின்ல நிறுத்தறீங்க? ஒரு நாள் லீவு குடுத்தா என்ன?”

“யாருக்கு முடியல?”

“அந்த அம்மாவுக்குத்தான். நல்ல காய்ச்சல்னு அவங்களே சொல்றாங்களே.”

லிங்கராஜ் ஒரு கணம் முழித்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். “அவளுக்கு இல்ல சார், குருணைக்கு! நல்லாக் காஞ்சிருக்கு, ஈரம் இல்லன்னு சொல்லுதா. வத்தலுக்கு, மல்லிக்கு, தீக்குச்சிக்கு, எல்லாத்துக்கும் நாங்க காய்ச்சல்னுதான் சொல்லுவோம். என்ன சார், மெட்ராஸ்ல வத்தலே வாங்குததில்லையா?”

இந்தத் தடவை சிரிப்பை மறைக்கக் கைக்குட்டை தேவைப்பட்டது லிங்கராஜுக்கு. ஆனால் ஹரி சிரிக்கவில்லை. உலர்த்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது பிபி குருணைதானே சார்? பாலிப்ரொப்பிலீன்?”

“ஆமா. சுத்தமான சரக்கு.”

“அதை எதுக்குக் காய வைக்கறீங்க?”

“வைக்காட்டா நமத்துப் போகாதா?”

தீப்பெட்டி வீட்டில் பிறந்தவர்களுக்கு நமத்துப் போவதைவிடப் பெரிய கேடு உலகத்தில் இல்லை. மருந்து நமத்தால் குச்சி பற்றாது, பெட்டி நமத்தால் உரசாது, ஒரு லாரிச் சரக்கு வடக்கே போய் அப்படியே திரும்பி வரும். லிங்கராஜ் மோல்டிங் மெஷின் வாங்கப் போனபோது, உலர்த்தி நைலானுக்குத்தான் தேவைப்படும் என்று விற்றவனே சொன்னான். லிங்கராஜுக்கு அந்தப் பேச்சு காதில் ஏறவில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்றாக வாங்கிப் போட்டார்.

“இது தண்ணியைக் குடிக்காது சார். எவ்வளவு ஈரத்துல கிடந்தாலும் உள்ளே இழுக்காது. மழைக்காலத்துல மேலே படிஞ்சா துடைச்சாப் போதும்.”

“நான் வேலைக்குச் சேந்த வாரமே சொன்னேன் அண்ணாச்சி” என்றாள் ஜெயஷீலா. “நைலானுக்கு ஒரு நியாயம் பிபிக்கு ஒரு நியாயமான்னு கேட்டிய.”

“கேட்டேன்” என்று லிங்கராஜ் ஒத்துக்கொண்டார். மீட்டர் இப்போது உலர்த்திக் கம்பியைக் கவ்வியது. ஜெயஷீலா காட்டிய எண்ணைப் பார்த்ததும் ஹரியின் புருவம் ஏறியது. பட்டறைக்கு வருகிற மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குருணை காய்வதற்கே போய்க்கொண்டிருந்தது.

“நிறுத்திப் பாக்கலாமா சார்?”

லிங்கராஜ் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். கை எழவில்லை. நமத்த குருணையில் அடித்த தட்டில் வெள்ளி வெள்ளியாகக் கோடு விழும், தொட்டால் நொறுங்கும் என்று முன்பு நைலான் வேலையில் கண்ணால் கண்டவர். அப்படி நூறு தட்டு சென்னைக்குப் போனால் புது ஆர்டர் மட்டுமல்ல, பழையதும் போய்விடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு நான்கு சுவிட்சுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தார்.

இரைச்சல் அடங்கியது. எட்டு வருடத்தில், மெஷின்கள் ஓடும்போது அந்தப் பட்டறை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அந்த அமைதியில் வேலுத்தாயின் குரல், பக்கத்து மெஷின்காரியிடம் வழக்கம்போல உச்சத்தில் பேசிக்கொண்டிருந்த குரல், கணீரென்று கேட்டது:

“—அண்ணாச்சி மூஞ்சிகூட அந்தத் தட்டு மாதிரியே வெளுத்துப் போச்சுடீ!”

வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பட்டறை முழுக்க ஒரே சிரிப்பு. மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டவர்கள்கூட உண்டு.

சிரிப்பின் நடுவே வாசலில் செண்பகராஜ் வந்து நின்றார். இரண்டு தெரு தள்ளித்தான் அவருடைய தீப்பெட்டி ஆபீஸ். சென்னைக் கார் வந்திருக்கும் சேதி அதற்குள் எட்டியிருந்தது.

“என்னலே லிங்கம், சத்தத்தையே காணோம். கரண்டு போச்சா, கம்பெனியே போச்சா?”

விஷயத்தைக் கேட்டதும் அவர் தம்பியின் பக்கம் சேர்ந்துகொண்டார். நிறம், பிளாஸ்டிக், பூமியின் சூடு எதிலும் அவருக்குக் கருத்தில்லை. காய்ச்சல் விஷயத்தில் உண்டு. “நனைஞ்சா எதுவும் நமக்கத்தான் செய்யும் தம்பி. நீங்க படிச்சவிய. நாங்க நாப்பது வருசமாக் காயப்போடுதவங்க.”

“அப்ப நனைச்சே பாத்துருவோம்” என்றார் லிங்கராஜ். தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்பதில் அவருக்கே வியப்பு.

ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து ஐந்து கிலோ குருணையைக் கொட்டினார்கள். குருணை முழுவதும் மேலே வந்து மிதந்தது. செண்பகராஜ் கையால் அமுக்கினார். கையை எடுத்ததும் மறுபடி எழும்பியது. “ஏலே, முங்கவே மாட்டேங்குதே!” என்று திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தார். மேலே தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் கல்லை வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்து வடிகட்டி, துணியில் போட்டு உருட்டித் துடைத்து, மேற்கு ஜன்னலோரம் தார்ப்பாயில் பரப்பினார்கள். ஜன்னலுக்கு வலை அடித்திருந்ததால் தூசி வராது, காற்று மட்டும் வரும். ஆனி பிறப்பதற்கு முன்பே வீசத் தொடங்கிவிட்ட மேல்காற்று அது. வேலுத்தாயும் இரண்டு பெண்களும் விரலால் அளைந்து கொடுத்து முடிப்பதற்குள் மேல் ஈரம் போய்விட்டது. ஜெயஷீலா நிறுத்துப் பார்த்தாள். நனைப்பதற்கு முன்பிருந்த எடையேதான்.

செண்பகராஜ் தராசை நம்பவில்லை. தீக்குச்சியின் காய்ச்சலை அவர் காதருகே வைத்து ஒடித்துத்தான் சொல்வார். ஒடியும் சத்தம் ‘டக்’ என்றிருந்தால் சரக்கு போகலாம். ஒரு குருணையை எடுத்துக் காதோரம் வைத்து நகத்தால் நசுக்கினார். சத்தமில்லை. லிங்கராஜும் ஒன்றை எடுத்துத் தன் காதில் வைத்து நசுக்கினார். அண்ணனும் தம்பியும் தலையைச் சாய்த்துக்கொண்டு உற்றுக் கேட்கிற கோலத்தை ஹரி தன் கைபேசியில் படம் எடுத்தார். செண்பகராஜ் கடைசியில் குருணையைக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தார்.

“என்னண்ணே, நமத்திருக்கா?”

“பல்லுதாம்லே ஆடுது.”

நனைந்த குருணையை மூன்றாம் மெஷினில் போட்டார்கள். இந்த முறை கார்பனை வழக்கமான அளவுக்கே கலந்தாள் ஜெயஷீலா. முதலில் விழுந்த சில தட்டுகளை ஒதுக்கிவிட்டு அடுத்ததை லிங்கராஜ் கையுறைகூடப் போடாமல் எடுத்தார். சுட்டது. இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிக்கொண்டே வாசலுக்கு ஓடி, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நல்ல கறுப்பு. ஒரு வெள்ளிக் கோடுகூட இல்லை. ஆறியபின் தலைக்கு மேலே தூக்கித் தரையில் போட்டார். தட்டு துள்ளிப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. அதைக் கவிழ்த்து வைத்து மேலே ஏறி நின்றார்.

“நீ என்ன எடை இருக்கப்போற? இறங்கு” என்று செண்பகராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தும் பார்த்தார். தட்டு அசையவில்லை. பெண்கள் கைதட்டினார்கள். அவர் கீழே இறங்கித் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏலே லிங்கம்! எட்டு வருசமாக் கூழாங்கல்லக் காயப்போட்டிருக்கியேலே!”

“நீ மட்டும் என்ன? ஒரு மணி நேரமா அதக் காதுல வச்சுகிட்டு நின்னியே!”

ஜெயஷீலா மட்டும் மீட்டரை விடவில்லை. குருணை இப்போது சூடில்லாமல் உள்ளே போவதால் உருக்கும் குழல் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் இழுக்கிறது, அதையும் கழிக்க வேண்டும் என்றாள். “அதை ஏன் இப்ப சொல்லுத?” என்று லிங்கராஜ் தாழ்ந்த குரலில் கேட்டார். இரைச்சல் இல்லாததால் அது ஹரிக்கும் கேட்டது. கழித்தாயிற்று. கழித்த பிறகும் கசிவையும் உறையையும் சேர்த்தால் பதினைந்துக்கு மேலே நின்றது.

ஹரி கிளம்பும்போது சாம்பல் நிறத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆபீஸ் மேசையில் பேனா போட்டு வைக்கப் போவதாகச் சொன்னார். கார் வளைவு திரும்பும்வரை இரண்டு அண்ணாச்சிகளும் வாசலில் நின்றார்கள்.

“அந்தத் தம்பி காய்ச்சல்னா என்னன்னு நெனச்சாரு தெரியுமாண்ணே?” என்று லிங்கராஜ் தொடங்கினார். சொல்லி முடிப்பதற்குள் செண்பகராஜ் சிரிப்புத் தாங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் கேட்டது. புது மாடலின் பேட்டரித் தட்டு ஆர்டர் பூவனம் மோல்டிங்ஸுக்கு மூன்று வருடத்துக்கு உறுதியானது. மூன்று உலர்த்திகள் விற்கப்பட்டன. நைலான் வேலை வந்தால் தேவைப்படும் என்று ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் எடுத்த கணக்கின்படி, ஒரு கிலோ தட்டுக்கு ஆன மின்சாரம் பதினேழு சதம் குறைந்திருந்தது.